உன் தாத்தா பெயரில் ஒரு வாசிப்பறை

மகனே,

திறப்பு விழா மலரில் 'நன்கொடையாளரின் தாயார் வாழ்த்துரை' என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊர் நூலகத்து வாசகர் வட்டச் செயலாளர் வீட்டுக்கே வந்து, "நீங்க சும்மா நாலு வரி சொல்லுங்கம்மா, நாங்க அழகா எழுதிக்கிறோம்" என்றார். எனக்கே எழுதத் தெரியும் என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். உட்கார்ந்து எழுதினால் நாலு வரியில் அடங்குவதாக இல்லை. அதனால் இதை அவரிடம் கொடுக்காமல், கும்பகோணத்தில் மலர் அச்சாகிற அச்சகத்துக்கே போய், நன்கொடையாளரின் தாயார் நான்தான், வாழ்த்துரை இதுதான் என்று கையில் கொடுத்துவிட்டு வரப்போகிறேன். அச்சகத்துக்காரர் உன் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். உன் பணத்துக்கு ஊரில் அவ்வளவு மரியாதை இருக்கிறது. உனக்குத் தனியாக எழுதியிருந்தால், "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஏதேதோ எழுதுது" என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லி மடித்து வைத்துவிடுவாய். ஊரே படிக்கும்போது நீயும் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வாழ்த்திவிடுகிறேன், கணக்குத் தீர்ந்துவிடும். நீ கட்டிக் கொடுத்திருக்கும் வாசிப்பறை நன்றாக இருக்கிறது. பழைய நூலகத்தில் ஐப்பசி மழைக்கு அலமாரிகள் மேல் யூரியா சாக்கைப் பிரித்துப் போர்த்தி வைப்பார்கள். ரேஷன் கடைக்குப் போகிறவர்கள் மழைக்கு ஒதுங்குகிற இடம் என்றுதான் பாதி ஊருக்கு அதைத் தெரியும். இப்போது ஒழுகாத கூரை, நாற்காலி, மின்விசிறி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை எல்லாம் வந்துவிட்டன. சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஊரை மறக்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். வாசலுக்கு மேலே உன் தாத்தாவின், அதாவது என் மாமனாரின் பெயரைப் பொன்னிற எழுத்தில் பதித்திருக்கிறாய். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற மேஸ்திரி நான் பூரித்துப்போய்விட்டதாக நினைத்து, "பெரியய்யா இருந்து பார்த்திருக்கணும்மா" என்றார். ஆமாம் என்றேன். ஒரு நூலகத்துக்கு வெளியே தன் பெயர் தொங்குவதைப் பார்த்திருந்தால் அந்த மனுஷன் உன்னைச் சொத்திலிருந்து விலக்கியிருப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, பொங்கலுக்கு வந்திருந்த நீ நூலகரை நம் வீட்டுக்கு வரவழைத்தாய். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேசுவது அடுப்படியில் கேட்காது என்று நினைப்பது உங்கள் குடும்பத்து ஆண்களுக்குப் பரம்பரை வியாதி. "சார், எல்லாம் நல்லபடியா முடியும். ஆனா அந்த மஞ்சள் அட்டை புக் ஒண்ணு இருக்குல்ல, அது மட்டும் உள்ள இருக்கக் கூடாது" என்றாய். நம்மைப் போன்ற பண்ணை வீடுகளில் வேலை செய்தவர்களிடம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு ஒரு பேராசிரியர் எழுதிய புத்தகம் அது. அதில் உன் தாத்தா வருவது ஒன்றரைப் பக்கம். நூலகர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒருத்தருக்குப் பிடிக்கலைன்னு ஒண்ணை எடுத்தா, அடுத்தவரு இன்னொண்ணை எடுக்கச் சொல்வாருங்க. கடைசில பஞ்சாங்கம்தான் மிஞ்சும். அதையும் வேண்டாங்கிறவங்க ஊர்ல இருக்காங்க" என்றார். எனக்கு அந்த ஆளை அப்போது பிடித்துப்போயிற்று. கூடக் கொஞ்சம் டிகாக்‌ஷன் ஊற்றிக் கொடுத்தேன். அந்த டிகாக்‌ஷன் வீண் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் நீ என்னிடம் வந்து, "அம்மா, உன் லைப்ரரி கார்டைக் குடு. ஒரு புக் எடுத்துப் படிச்சுட்டுத் தர்றேன்" என்றாய். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நீ ஒரு புத்தகம் கேட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளை திருந்திவிட்டான், எதிராளி சொல்வதையும் படித்துப் பார்க்க நினைக்கிறான் என்று கார்டை எடுத்துக் கொடுத்தேன். ஊருக்குக் கிளம்பும்போது அந்த மஞ்சள் அட்டையை நீ கார் டிக்கியில் வைத்ததையும் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் இப்படி ஏமாறுவதற்கு நான் வெட்கப்பட வேண்டும். நீ சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள் போனில் சாவகாசமாக, "அந்த புக் தொலைஞ்சு போச்சும்மா. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு, அவங்களுக்கும் தெரியும்" என்றாய். 'அவங்களுக்கும் தெரியும்' என்ற வார்த்தைதான் எனக்கு இடித்தது. நேரே நூலகரிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நானா எடுக்க முடியாதும்மா, அது விதி. யாராவது எடுத்துட்டுப் போய்த் தொலைச்சுட்டா நான் என்ன பண்ணுவேன்னு காருக்குப் பக்கத்துல நின்னு உங்க மகன்கிட்ட சும்மா சொன்னேன். கூரை ஒழுகுதும்மா" என்றார். ஒழுகுகிற கூரைக்காக முதுகெலும்பைக் கழற்றிக் கொடுத்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் விலை பேசியவன் நீ.

தொலைந்துபோச்சு என்ற பொய் நம் வீட்டுக்குப் புதிதல்ல. உனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து இறந்தாள் என்று உனக்குத் தெரியும். விதி என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் உண்டாகியிருந்தபோது உன் அப்பா நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்து கொடுத்தார். கர்ப்பம், பிரசவம் பற்றி ஒரு டாக்டரம்மா எழுதியது. எனக்குச் சொல்ல மனுஷி யாரும் இல்லாத வீடு அது. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு நாலைந்து பக்கமாகப் படித்துவந்தேன். ஒருநாள் உன் தாத்தா அதைப் பார்த்துவிட்டார். பிரித்த பக்கத்தில் கருப்பையின் படம் இருந்தது. "குடும்பத்துப் பொம்பளை பார்க்கிற படமா இது?" என்று கேட்டுவிட்டு, கொல்லையில் வெந்நீர் அடுப்பில் போட்டார். அன்றைக்கு அந்த வெந்நீரில்தான் குளித்தார். உன் அப்பா நூலகத்தில் போய், தொலைந்துபோச்சு என்று சொன்னார். தஞ்சாவூரில் அலைந்து வேறொரு பிரதி வாங்கி நூலகத்துக்கே கொடுத்தார். வீட்டுக்குள் கொண்டுவர அவருக்குத் தைரியம் இல்லை.

அதன் பிறகு என் கால் வீங்கியது. தலைவலி வந்தது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று நானே நினைத்துக்கொண்டேன். வலி எடுப்பதற்கு முன்பே ஜன்னி கண்டது. கும்பகோணம் ஆஸ்பத்திரியில் என்னைப் பிழைக்கவைத்தார்கள். அவளை முடியவில்லை. உடம்பு தேறிய பிறகு கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய், உன் அப்பா வாங்கிக் கொடுத்த அந்தப் பிரதியை எடுத்து நின்றபடியே படித்தேன். நான் படித்து நிறுத்தியிருந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. கால் வீங்கி, தலை வலித்து, கண் மங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று டாக்டரம்மா எழுதியிருந்தார். உன் அக்கா அந்தப் பக்கத்தில் இருந்தாள். உன் தாத்தா அவளைக் கொல்ல நினைக்கவில்லை. ஒரு படம் அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். புத்தகத்தை எடுக்கிறவன் எவனுக்கும் அதில் யாருடைய உயிர் இருக்கிறது என்று தெரிவதில்லை.

விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? அவர் அடுப்பில் போட்டார், நீ கார் டிக்கியில் போட்டாய். நீ படித்தவன் என்பதால் புகை வரவில்லை.

அந்த ஒன்றரைப் பக்கம் பொய், அவதூறு, ஆதாரம் இல்லாதது என்று போனில் வக்கீல் மாதிரி பேசினாய். ஆதாரம் நான்தான், ராசா. சம்பா அறுப்பு முடிந்து களத்தில் போரடித்துக்கொண்டிருந்தார்கள். முத்தையன் என்று ஒருவர், இரவுப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர். டீக்கடையில் கிடந்த பேப்பரை எடுத்து வந்து, அறுப்புக்குக் கூலி எவ்வளவு என்று சர்க்கார் அறிவித்திருப்பதைக் கஞ்சி குடிக்கிற நேரத்தில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினார். உன் தாத்தா குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கத்துகிறவர் இல்லை. "நல்லாப் படிக்கிறியே, இன்னொருவாட்டி படி" என்றார். முத்தையன் முதல் வரியிலிருந்து மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தார். "படிச்சது உள்ள இறங்கணும்டா, அப்பத்தான் நிலைக்கும். தின்னு" என்றார் உன் தாத்தா. கிழித்துக் கிழித்துத் தின்னவைத்தார். தொண்டை அடைத்தபோது முத்தையனின் பெண்டாட்டியைக் கூப்பிட்டு வாயில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தாள் முழுவதும் உள்ளே போகிறவரை குடையை மடக்கவில்லை. நான் நெல் அறை ஜன்னலில் நின்று பார்த்தேன். புத்தகத்தில் அந்தக் குடையை விட்டுவிட்டார்கள். மற்றதெல்லாம் சரி. முத்தையன் அதற்குப் பிறகு எழுத்து அச்சான காகிதம் எதையும் கையால் தொட்டதில்லையாம். பஸ்ஸில் போனால்கூட டிக்கெட்டைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுக்கச் சொல்வாராம். இதுவும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

உன் தாத்தாவின் பெயர் கெடுகிறதே என்று உனக்குப் பதைக்கிறது. அதே பக்கத்தில் இன்னொரு தாத்தாவின் பெயரும் இருக்கிறது என்பது உனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு மாதாமாதம் பிரஷர் பார்க்க வருகிற சுகாதாரப் பணியாளர் தனலட்சுமியை நீ பார்த்திருக்கிறாய். பொங்கலுக்கு உனக்கும் பார்த்தாள், உப்பைக் குறைக்கச் சொன்னாள். அவள் முத்தையனின் பேத்தி. நான் நூலகத்துக்குச் சண்டை போடப் போன அன்று, எனக்குப் பின்னாலேயே அவளும் வந்தாள். "சார், எங்க தாத்தா பேரு ஒரு புக்ல இருக்காமே, மஞ்சள் அட்டையாம். தம்பி சொல்லுச்சு. ஒரு தடவை பார்த்துட்டு போன்ல படம் எடுத்துக்கிறேன்" என்றாள். நூலகர், "இப்ப இல்லம்மா, வெளிய போயிருக்கு" என்றார். "எப்ப வரும் சார்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "அவருக்கு ஒரு போட்டோ கிடையாதும்மா. கல்லு நடலை, ஒண்ணும் இல்லை. அச்சுல பேரு இருக்குன்னு சொன்னாங்க, அதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஏழு தலைமுறைக்குச் சுவர் நிறையப் படம் மாட்டியிருக்கிற நீ, அவளுக்கு இருந்த ஒரே காகிதத்தைத் திருடியிருக்கிறாய். வேறு நல்ல வார்த்தை இருந்தால் சொல், மாற்றிக்கொள்கிறேன்.

எனக்கு மட்டும் அந்த நூலகத்தில் இருக்கிற எல்லாப் புத்தகமும் பிடித்திருக்கிறது என்று நினைக்காதே. புருஷன் சாப்பிட்ட இலையில் சாப்பிட்டால் குடும்பம் செழிக்கும் என்று எழுதியிருக்கிற புத்தகம் ஒன்று இருக்கிறது. அட்டை கிழிந்து தையல் விட்டுப்போகும் அளவுக்கு ஊர் அதைப் படிக்கிறது. நானும் படித்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டுவதற்காவது அது அங்கே இருக்க வேண்டும். உனக்கு அந்த ஒன்றரைப் பக்கம் பொறுக்கவில்லை என்றால், உட்கார்ந்து உன் தாத்தாவைப் பற்றி நீ ஒரு புத்தகம் எழுது. நூலகர் அதையும் பக்கத்திலேயே அடுக்குவார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள். அவர் மாட்டை அடித்ததே இல்லை. கோயில் தேருக்கு வடம் வாங்கிக் கொடுத்தார். பேரன் நீ காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இதெல்லாம் உண்மை. அதனால்தான் உன்னால் அந்தப் பக்கத்தைத் தாங்க முடியவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. புரிகிறதே தவிர இரக்கம் வரவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும். கனத்தை இறக்கி வைக்காமல் வழியை அடைக்கப் பார்க்கிறாய்.

நூலகத்துப் புத்தகம் தொலைந்தால் அதே புத்தகத்தை வாங்கிக் கொடுக்க வேண்டும், கிடைக்காவிட்டால்தான் பணம். நூலகர் பணமாகக் கட்டிவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். விசாரித்துக்கொண்டு டவுன் பஸ் ஏறித் திருவிடைமருதூரில் அந்தப் பேராசிரியரின் வீட்டுக்குப் போனேன். நான் இன்னார் வீட்டு மருமகள் என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது, கேஸ் போட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிரதி இருக்கிறதா என்றேன். அவர் சம்சாரம்தான் பதில் சொன்னாள். "இருக்கான்னா கேக்குறீங்க? விக்காம கட்டிலுக்கடியில கட்டுக்கட்டாக் கிடக்கு. கூட்டிப் பெருக்க முடியலைங்க. எடுத்துக்கிட்டுப் போனீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். புண்ணியம் தேடிக்கொண்டேன். எல்லாவற்றையும் வாங்கி வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நீ ஒன்றைத் தொலைக்காமல் இருந்திருந்தால் அவை இன்னும் அந்தக் கட்டிலுக்கடியில்தான் கிடந்திருக்கும்.

நம் ஊர் நூலகத்துக்கு ஒன்று கொடுத்தாகிவிட்டது. மற்றவற்றைக் கும்பகோணம், பாபநாசம், ஆடுதுறை என்று போகிற வழியில் இருக்கிற நூலகங்களுக்கெல்லாம் அன்பளிப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வாங்கியது நீ எனக்கு அனுப்புகிற பணத்தில். மகன் பணத்தில் வாங்கிவிட்டு என் பெயரைப் போட்டுக்கொள்வது நியாயமில்லை. அதனால் ரப்பர் ஸ்டாம்பு ஒன்று செய்து ஒவ்வொரு பிரதியிலும் முதல் பக்கத்தில் குத்தியிருக்கிறேன். உன் தாத்தாவின் பெயரைப் போட்டு, 'அன்னார் நினைவாக, பேரன் அன்பளிப்பு' என்று உன் முழுப் பெயரையும் படிப்பையும் போட்டிருக்கிறேன். இனி இந்த ஜில்லாவில் யார் அந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் உனக்குத்தான் நன்றி சொல்வார்கள்.

ஒரு பிரதியைத் தனலட்சுமிக்கு என்று எடுத்து வைத்திருந்தேன். பிரஷர் பார்க்க வந்தபோது பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. விரலை வைத்துப் படித்தாள். முடித்துவிட்டுத் திரும்பவும் மேலிருந்து படித்தாள். பிறகு என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். "உங்களுக்கு ஏறியிருக்கும்மா" என்றாள். "எனக்குல்ல ஏறணும்" என்று அவளே சொன்னாள். பட்டையை அவிழ்த்து மடித்தாள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட என்னைப் போட்டிருக்கிறார்கள், வெட்டி முடித்ததும் என்னைப் பேசச் சொல்வார்கள், எனக்குப் பதிலாக அவள் அந்த ஒன்றரைப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்றேன். "உங்க மகன் முன்னாலயா?" என்றாள். "அவன் முன்னாலதான்" என்றேன். "பாவம்மா அவரு" என்றாள். "ஊசி குத்துறவ பாவம் பார்க்கலாமாடி?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தக் குடையையும் சேர்த்துச் சொல்லவா? நீங்கதான் பார்த்தீங்களே" என்று கேட்டாள். சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

நன்கொடையாளர் என்பதால் மலரின் முதல் பிரதி விழாவுக்கு முன்பே உனக்கு வந்துவிடும். இதைப் படித்ததும் விழாவுக்கு வராமல் இருந்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். கூரையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, நீ எழுதிக் கொடுத்துவிட்டாய். வராவிட்டாலும் அவள் படிப்பாள், ஊர் கேட்கும், நன்கொடையாளரின் நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். அதனால் வா. டிக்கியில் கிடக்கிற புத்தகத்தையும் எடுத்து வா, அது நூலகத்துச் சொத்து. மின்விசிறிக்கு நேர் கீழே முதல் வரிசையில் உனக்கு இடம் போட்டிருக்கிறேன். பயப்படாதே. உன்னை யாரும் எதையும் தின்னச் சொல்ல மாட்டார்கள். அவள் படித்து முடிக்கிறவரை எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிரு, அது போதும்.

அம்மா